டேகேர் டீச்சர்மார் என்ன படிச்சவை, ஏன் அ ஆ சொல்லிக் குடுக்கினம் இல்லை: ஒட்டுசுட்டான் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதைத் திருப்பி ஒருக்கா எழுதிறன், மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். ஒட்டுசுட்டானிலை இருந்து கனடா வந்து 5 மாசம், மகனுக்கு 3 வயசு, ஸ்காபுறோவிலை டேகேர்லை விட்டு 3 கிழமை, பெடியன் ஒவ்வொரு நாளும் சேறும் பெயின்ருமா வாறான், ஒரு எழுத்துக்கூடச் சொல்லிக் குடுக்கினம் இல்லை, உந்த டீச்சர்மார் உண்மையிலை என்ன படிச்சவை, காசை வாங்கிக்கொண்டு சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறவையோ எண்டு கேட்டிருந்தீங்கள். கடைசியிலை, நானும் ஊரிலை 4 வருசம் நேசறி படிப்பிச்சனான், இஞ்சை அந்த வேலைக்குப் போகலாமோ எண்டும் கேட்டிருந்தீங்கள்.

நான் கிளிநொச்சி வட்டக்கச்சி. 2004 இலை இருந்து 2008 இலை இடம்பெயரும் மட்டும் நானும் நேசறி டீச்சர்தான். இஞ்சை வந்தது 2012, இப்ப டேகேர்லை வேலை. அதாலை நீங்கள் கேட்டதைப் பாத்தவுடனை எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெக்கமும் வந்தது, ஏனெண்டா என்ரை மூத்தவளை டேகேர்லை விட்ட நேரம் இதே கேள்வியை நான் டீச்சரிட்டையே நேரை கேட்டனான், அதுவும் எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீசிலை.

முதல் படிப்புக் கதை. எங்கட ஒன்ராறியோ மாகாணத்திலை ஆரும் நினைச்சபடி தன்னை ஈசீஈ (ஏர்லி சைல்ட்ஹூட் எஜுகேற்றர், குழந்தைப் பருவக் கல்வியாளர்) எண்டு சொல்லேலாது. 2007 ஆம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, அதின்ரை படி குழந்தைப் பருவக் கல்வியாளர் கல்லூரி எண்ட அமைப்பிலை பதிஞ்ச ஆக்கள்தான் அந்தப் பெயரைப் போடலாம். பேர்தான் கல்லூரி, அங்கை படிப்பிக்கிறேல்லை, டொக்டர்மாருக்கு மெடிக்கல் கவுன்சில் மாதிரி. பதியிறதெண்டா காலேஜிலை 2 வருச டிப்ளோமா வேணும், சென்ரெனியல், செனிக்கா, ஜோர்ஜ் பிறவுண் எல்லா இடத்திலையும் அந்தக் கோர்ஸ் இருக்கு, இடைக்கிடை பிள்ளையளோடை நிண்டு பழகிற பிளேஸ்மென்ரும் செய்யவேணும். உங்கட மகன்ரை டீச்சரின்ரை பேரை அந்த அமைப்பின்ரை வெப்சைட்டிலை அடிச்சுப் பாருங்கோ, பதிவு இருக்கோ இல்லையோ எண்டு காட்டும், ஒருத்தரிட்டையும் கேட்டுச் சங்கடப்படத் தேவையில்லை.

ஆனா வகுப்பிலை நிக்கிற எல்லாரும் டிப்ளோமாக்காரர் இல்லை. உங்கட மகன்ரை வயசுக்கு 8 பிள்ளைக்கு ஒரு ஆள் கணக்கு, 24 பிள்ளையெண்டா 3 பேர், அதிலை 2 பேர் பதிஞ்ச ஆக்களா இருக்கவேணும், மற்றவர் உதவி ஆள். இதை ஞாபகம் வைச்சிருங்கோ, உங்கட வேலைக் கேள்விக்கு வரேக்கை தேவைப்படும்.

பேப்பரிலை உள்ளது அவ்வளவுதான். ஆக்கள் ஆர் எண்டது வேறை கதை. எங்கட இடத்திலை ஒருத்தி பிலிப்பைன்ஸ், அங்கை பாங்கிலை வேலை செய்தவ, பிள்ளையளை விட்டிட்டு வந்து வேறை வீட்டுப் பிள்ளையளைப் பாத்துப் பாத்தே கனடாவிலை கால் ஊண்டினவ. அவவுக்கு நேரம் எண்டா நேரம், சாப்பாடு பதினொண்டரை எண்டா பதினொண்டரைதான். இன்னொருத்தி ஈரான், அங்கை முதலாம் வகுப்பு டீச்சர், எங்களை மாதிரியே எழுத்து எழுத்து எண்டு நிண்டு 2 வருசத்திலை மாறினவ. ஒரு பெடியன் இஞ்சை பிறந்தவன், 25 வயசிருக்கும், பிள்ளையளோடை புழுவும் பூச்சியும் தேடிக்கொண்டு நிலத்திலை கிடப்பான், பாத்தா வேலை செய்யிற மாதிரியே தெரியாது, ஆனா அவன் எழுதி வைக்கிற குறிப்பை வாசிச்சா எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை எப்ப முதல் சொன்னது எண்டு எல்லாம் இருக்கும். மூண்டு பேரும் அதே டிப்ளோமாதான், ஒருத்தர் செய்யிற மாதிரி மற்றவர் செய்யமாட்டினம்.

எங்கட பக்கத்திலை நேசறி டீச்சர் ஆனது எப்பிடியெண்டு உங்களுக்கே தெரியும். ஏலெவல் எடுத்திட்டு றிசல்ட் பாத்துக்கொண்டிருக்கிற பிள்ளை, கம்பஸ் கிடைக்காத பிள்ளை, புருசனை இழந்து ரெண்டு பிள்ளையோடை நிக்கிற அக்கா, இவைதான். மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ ஒரு கொட்டில் போட்டுத் தரும், தாய் தேப்பன் மாசம் தாற சில்லறைதான் சம்பளம், அறுப்பு நேரம் நெல்லும் வரும். பிறகு அரசசார்பற்ற நிறுவனங்கள் வந்து ரெண்டு நாள் மூண்டு நாள் ட்ரெயினிங் வைச்சினம், கெட்டிக்காரியள் திறந்த பல்கலைக்கழகத்திலை முன்பள்ளிக் கல்விச் சான்றிதழும் எடுத்தவை. சண்டை முடிஞ்ச பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவிலை கனக்க முன்பள்ளியள் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குக் கீழை போய், ஒரே ஊரிலை ஒரே வேலை செய்யிற ரெண்டு டீச்சருக்கு மடுவும் மலையுமா ரெண்டு சம்பளம் எண்ட நிலைமையும் வந்தது, அதை நீங்கள் என்னைவிட வடிவா அறிவீங்கள்.

என்னோடை ஒரு பெரிய டீச்சர் இருந்தவ. பத்தாம் வகுப்போடை நிண்டவ, ட்ரெயினிங் எண்டு ஒண்டுக்கும் போகேல்லை. ஆனா அவவின்ரை கொட்டிலுக்குள்ளை போனா புளியங்கொட்டை, மஞ்சாடி, சிரட்டை, பனங்கொட்டை, சோடா மூடி எல்லாம் பெட்டி பெட்டியா இருக்கும். வந்த பிள்ளையள் முதல் ஒரு மணித்தியாலம் அதோடை தங்கட பாட்டிலை இருக்குங்கள். அவ ஒண்டும் சொல்லமாட்டா, பாய் இழைச்சுக்கொண்டு ஒரு கண்ணாலை பாத்துக்கொண்டு இருப்பா. எனக்கு அப்ப வயசு 20, உவ வேலைக்கள்ளி எண்டு நினைச்சனான். 10 வருசம் கழிச்சு ரொறன்ரோவிலை காலேஜ் வகுப்பிலை மிஸ் 'லூஸ் பார்ட்ஸ்' எண்டு ஒரு பாடம் எடுக்கிறா, கொட்டை, மூடி, கட்டை, கல்லு, இன்னதுதான் செய் எண்டு சொல்லாமல் பிள்ளையிட்டை குடு, அது தானே எண்ணும் தானே அடுக்கும் எண்டு படம் போட்டுக் காட்டிறா. எனக்கு அந்தப் பெரிய டீச்சரின்ரை முகம்தான் முன்னுக்கு வந்து நிண்டது. சரி, அவவிட்டையும் ஒரு பூவரசங் கம்பு இருந்தது, அதையும் மறைக்கக்கூடாது.

அந்தக் கம்பு இஞ்சை அறவே இல்லை, இதை நீங்கள் வடிவா விளங்கவேணும். அடிக்கிறது மட்டுமில்லை, வெருட்டிறது, வெக்கப்படுத்திறது, தண்டனையா சாப்பாட்டை மறிக்கிறது, வேண்டாமெண்டு சொல்லுற பிள்ளைக்கு வலுக்கட்டாயமாத் தீத்திறது எல்லாம் டேகேர்லை தடை. நாங்கள் மூக்கைப் பிடிச்சுச் சோறு தீத்தி வளந்த, வளத்த ஆக்கள். மகன் பசியோடை வீட்டை வந்தா டீச்சர் கவனிக்கேல்லை எண்டு நினைக்காதேங்கோ, அவையாலை கேக்கத்தான் ஏலும், திணிக்க ஏலாது. மற்றது, பிள்ளைக்கு வீட்டிலை அடி விழுது எண்டு டீச்சருக்குச் சந்தேகம் வந்தா சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு அறிவிக்கவேண்டியது அவவின்ரை சட்டக் கடமை, அறிவிக்காட்டித்தான் பிழை. அதாலை கோவத்திலை வாயிலை வாற 'முதுகுத்தோலை உரிப்பன்' எல்லாத்தையும் இப்பவே விட்டுப் பழகுங்கோ. என்ரை மூத்தவள் ஒருநாள் டேகேர்லை பொம்மையை வைச்சு அப்பிடியே இங்கிலீசிலை சொல்லி எனக்கு ஒரு மீட்டிங் வைச்சவை.

இப்ப எழுத்து. ஒன்ராறியோவிலை 2014 இலை குழந்தைப் பருவத்துக்கு ஒரு வழிகாட்டி வந்தது, அதிலை நாலு விசயத்தைப் பிடிச்சிருக்கினம்: பிள்ளைக்கு இது என்ரை இடம் எண்ட எண்ணம் வரவேணும், சுகமா இருக்கவேணும், ஒண்டிலை மூழ்கிப் போகவேணும், மனசிலை உள்ளதை ஏதோ ஒரு வழியிலை வெளியிலை சொல்லவேணும். அ ஆவும் இல்லை, ஏபீசீயும் இல்லை. 6 மணித்தியாலமும் அதுக்கு மேலையும் நிக்கிற பிள்ளையெண்டா, காலநிலை விட்டா, ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம் வெளியிலை விளையாட விடவேணும், அதுதான் உங்கட சேறு.

உந்த யோசினை எங்கையிருந்து வந்தது எண்டா, கன இடத்திலை இருந்து. ஜெர்மனியிலை பிறோபல் எண்டவர் மரக்கட்டையும் பந்தும் குடுத்து 1840 இலை கிண்டர்கார்டன் எண்டு பேர் வைச்சார். மொன்ரசோரி அம்மா ஒரு டொக்டர், 1907 இலை ரோமிலை ஏழைத் தொழிலாளியள் இருந்த பக்கத்திலை தொடங்கினவ, ரெண்டாம் உலக யுத்த நேரம் எங்களுக்குக் கிட்ட சென்னை அடையாறிலை இருந்து டீச்சர்மாருக்குப் படிப்பிச்சவ. ஆனா இஞ்சத்தைய டேகேர் டீச்சர்மாரிட்டைக் கேட்டா கனபேர் சொல்லுறது றெஜியோ எமிலியா. இத்தாலியிலை ஒரு ஊர். அதின்ரை கதையைத்தான் நான் உங்களுக்குக் கட்டாயம் சொல்லவேணும்.

1945, சண்டை முடிஞ்சு சில நாள்தான். றெஜியோவுக்குக் கிட்ட வில்லா செல்லா எண்ட சின்ன ஊரிலை ஜெர்மன்காரர் விட்டிட்டு ஓடின ஒரு டாங்கி, கொஞ்ச லொறி, கொஞ்சக் குதிரை கிடந்திருக்கு. ஊர்ச் சனம் அதுகளை வித்த காசிலை சின்னப் பிள்ளையளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டத் தொடங்கீட்டினம், குண்டிலை இடிஞ்ச வீட்டுக் கல்லைப் பொறுக்கி எடுத்துத்தான். மலகுட்சி எண்ட ஒரு இளம் வாத்தியார் கேள்விப்பட்டு, இது மெய்யோ எண்டு சைக்கிளிலை பாக்கப் போய், அதோடை தன்ரை சீவியம் முழுக்க அந்த வேலையிலை நிண்டவர். பிள்ளைக்கு நூறு மொழி இருக்கு, பேச்சும் எழுத்தும் அதிலை ரெண்டுதான் எண்ட மாதிரி அவரின்ரை கொள்கை. கீறிறது, குழைக்கிறது, கட்டிறது, ஓடிறது எல்லாம் மொழி.

வகுப்பிலை இதை மிஸ் சொன்ன நேரம் மற்றப் பிள்ளையள் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தினம். எனக்குக் கை ஓடேல்லை. டாங்கி எங்களுக்குத் தெரியாத சாமானோ? கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்கால் பக்கம் கும்பல் கும்பலாக் கிடந்த வாகனமும் சைக்கிளும் பழைய இரும்புக்குப் போனது தெரியும், அந்தக் காசிலை ஒரு நேசறி எழும்பினதா நான் கேள்விப்படேல்லை. வீட்டை வந்து மனிசனுக்குச் சொன்னன், அவர் ஒண்டும் கதைக்கேல்லை, ரீ போட்டுத் தந்தார்.

இன்னொண்டும் சொல்லுறன். 2009 இலை, இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமிலை ஒரு தறப்பாளுக்குக் கீழை 40 பிள்ளையளை வைச்சுக்கொண்டு இருந்தனான், ஒருத்தரும் சம்பளம் தரேல்லை, நானே தொடங்கினது. மண்ணிலை விளையாட விட்டா பெடியள் சிரட்டையாலை கிண்டிப் பங்கர் வெட்டுவாங்கள், வெட்டிப்போட்டு ஒருத்தன் கிபிர் கிபிர் (குண்டு போடுற விமானம்) எண்டு கத்த எல்லாம் குப்புறப் படுக்குங்கள். எனக்குப் பாக்கேலாது. உந்த விளையாட்டு வேண்டாம் எண்டு மண்ணை மூடிப்போட்டு அ ஆ எழுத வைச்சனான். பிள்ளை விளையாட்டிலை தனக்கு நடந்ததைக் கதைக்கும், குறுக்கை போகாதை, பக்கத்திலை இரு எண்டு பிறகு இஞ்சை படிச்சன். இப்பவும் டேகேர் மண்பெட்டியிலை ஒரு பிள்ளை கிடங்கு கிண்டேக்கை கொஞ்ச நேரம் கண் அதிலையே நிண்டுபோகும். அந்த 40 பேருக்கும் இப்ப இருபது தாண்டியிருக்கும்.

சரி, உங்கட மகனுக்கு வருவம். பிள்ளையை எடுக்கப் போகேக்கை இண்டைக்கு என்ன படிப்பிச்சனீங்கள் எண்டு கேட்டா அவை முழிப்பினம். இண்டைக்கு இவன் என்ன செய்தவன், ஆரோடை சேந்தவன் எண்டு கேளுங்கோ, கதை கதையாச் சொல்லுவினம், அதிலை டீச்சர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டும் பிடிபடும். ஒண்டும் சொல்லத் தெரியாமல் 'குட் டே, குட் டே' எண்டு மட்டும் ஒவ்வொரு நாளும் சொல்லுறவவெண்டாத்தான் நான் கொஞ்சம் யோசிப்பன். தமிழை வீட்டிலை விடாதேங்கோ, இஞ்சத்தைய டீச்சர்மாரும் அதைத்தான் சொல்லுவினம். தண்ணி, சூ, நோகுது, பசிக்குது, அம்மா வருவா, இப்பிடி ஒரு பத்துச் சொல்லை இங்கிலீஸ் எழுத்திலை எழுதி டீச்சரிட்டைக் குடுங்கோ. எங்கட ஈரான்காரி 'அம்மா வருவா' எண்டு சொன்ன சொல்லிலை அழுகையை நிப்பாட்டின பிள்ளையை நான் கண்ணாலை கண்டிருக்கிறன். ஏடு தொடக்க வேணுமெண்டா விஜயதசமிக்குக் கோயிலிலை வடிவாத் தொடக்குங்கோ, அரிசியிலை எழுதட்டும், ஆரும் வேண்டாமெண்டு சொல்லேல்லை. 4 வயசு முடியிற வருசம் செப்டெம்பரிலை ஜேகே எண்ட ஜூனியர் கிண்டர்கார்டனுக்குப் போவான், பள்ளிக்கூடத்திலை, காசில்லை, அங்கை எழுத்தெல்லாம் மெல்ல மெல்ல வரும்.

காசு பெரிய சுமையெண்டா, அரசாங்கத் திட்டத்திலை சேந்த டேகேர் எண்டா 2025 இலை இருந்து ஒரு நாளைக்கு ஆகக் கூடினது 22 டொலர்தான், வருமானம் குறைவெண்டா சப்சிடிக்கும் (அரசாங்கம் தாற உதவிக் காசு) போடுங்கோ.

உங்கட வேலை. ஊர்ச் சான்றிதழ் எல்லாத்தையும் எடுப்பியுங்கோ, மதிப்பீட்டுக்குக் குடுக்க வழி இருக்கு, ஆனா அதை நம்பி வீட்டிலை குந்தியிருக்காதேங்கோ. நான் முதல் உதவி ஆளாத்தான் உள்ளிட்டனான், அந்த மூண்டிலை ஒராள் எண்டன் எல்லோ, அதுதான். பொலிஸ் செக்கும் முதலுதவிக் கோர்சும் கேப்பினம். இங்கிலீஸ் அங்கை நிக்க நிக்க வரும், பிள்ளையளைப்போல நல்ல வாத்தி கிடையாது, பிழையெண்டா முகத்துக்கு நேரை சொல்லுங்கள். பிறகு ரெண்டு வருசம் படிக்கலாம், வேலை செய்துகொண்டே படிக்கிற அப்ரெண்டிஸ்ஷிப்பும் இருக்கு. இன்டவியூவிலை ஊர் அனுபவம் கேட்டா 'சும்மா நேசறி' எண்டு சொல்லிப்போடாதேங்கோ, நான் அப்பிடிச் சொல்லி ஒரு வேலையை விட்டனான். சிரட்டையும் புளியங்கொட்டையும் வைச்சு என்ன செய்தனீங்கள் எண்டு விவரமாச் சொல்லுங்கோ.

திங்கக்கிழமை ரெண்டு சோடி மாத்து உடுப்பும் றப்பர் பூட்ஸும் குடுத்து விடுங்கோ. இது ஏப்ரல், பனி உருகி இன்னும் ஒரு மாசத்துக்கு முத்தம் முழுக்கச் சேறுதான்.