பேராசிரியர் பதில்கள்: “சும்மாதாம்மா இருக்கேன்”

கேள்வி: என் மகள் எம்.ஏ. சமூகவியல் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதற்கு என்ன வேலை கிடைக்கும்? நீங்கள் முப்பது வருடமாக அதில் என்ன செய்தீர்கள்?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பாடம் நடத்த நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேறவேண்டும். ஐ.ஏ.எஸ். தேர்வில் விருப்பப் பாடமாக எடுக்கலாம். கள ஆய்வுக்கும் ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் உடனே கைக்கு வராது, தெரிந்தே சேரட்டும்.

நான் மதுரைப் பொன்னகரத்தில் மில் சங்குச் சத்தத்துக்கு உலை வைத்த வீட்டுப் பிள்ளை. சங்கு ஊதிப் போவதுதான் வேலை என்று நினைத்திருந்தேன். பிஎச்.டி.க்காக, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களின் வீடுகளுக்குப் போனேன். “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்று படிவத்தில் இருந்தபடியே கேட்டேன். “சும்மாதாம்மா இருக்கேன்” என்றார் ஓர் அக்கா. சொல்லும்போதே அவர் விரல்கள் துணியைக் கிள்ளி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தன. நானும் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் போய், “காலையில எழுந்ததிலிருந்து என்னென்ன செஞ்சீங்கக்கா?” என்று மாற்றிக் கேட்டேன். நோட்டில் நாலு பக்கம் நிறைந்தது. அப்புறம் எங்கே போனாலும் முதலில் அந்தக் கேள்விதான்.

கானாவின் அக்ரா நகரத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கீத் ஹார்ட், வேலையில்லாதவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் ஓயாமல் உழைப்பதைப் பார்த்து, 1971-ல் ‘முறைசாரா’ வருமானம், அதாவது எந்தக் கணக்கிலும் வராத உழைப்பில் கிடைக்கும் வருமானம், பற்றிப் பேசினார். அதைப் படித்தபோது அந்த அக்காவின் விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன. நம் நாட்டுக் கணக்கிலும் இப்படித்தான்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 45 கோடிப் பேர் இடம்பெயர்ந்தவர்கள். பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் ‘கல்யாணம்’ என்று பதிவாகியிருக்கிறது. சரி, கட்டிக்கொண்டு வந்த ஊரில் அவர்கள் பார்க்கும் வேலை? உங்கள் மகள் அதைத் தேடிப் போகட்டும், அம்மா.

கேள்வி: வடமாநிலப் பிள்ளைகள் வந்தபின் எங்கள் பக்கம் நம்ம ஆட்களுக்கு வேலை குறைந்துவிட்டது. தடுக்கக் கூடாதா?
– வாசகர், செல்லூர்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஐயா. ஆனால் உசிலம்பட்டிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். வீட்டில் முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போன பையன்கள், வடக்கே முறுக்குக் கம்பெனிகளில் எண்ணெய்ச் சட்டி முன்னால் விடிய விடிய நின்றிருக்கிறார்கள். அதிகாரிகள் போய் மீட்டுவந்த பிள்ளைகளும் உண்டு. அங்கே நம்ம பையன்தான் வெளியூர்க்காரன். மாநிலம் விட்டு வருபவருக்குக் கான்ட்ராக்டர் பயணச் செலவும் இடப்பெயர்ச்சிப் படியும் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அப்படி வாங்கியதாக என்னிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. வடக்கிலிருந்து இங்கே வரும் பிள்ளைகள் குறைந்த கூலிக்குச் சம்மதிப்பதும் இதே நிலைமையால்தான்.

உங்கள் தெருவில் தங்கியிருக்கும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ நடப்பில் இருக்கிறது. சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கார்டு இருந்தால், இங்கே ரேஷன் கடையில் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம்.