மைக்கும் தொண்டையும்

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் நண்பர்கள் சேர்ந்து தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூத்து மெட்டில் புது நாடகம் போட்டோம். மேலே நாலு மைக் தொங்கவிட்டிருந்தோம். முடிந்ததும் கலந்துரையாடல். ஒரு விமர்சகர் எழுந்து, "ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே கத்தல், வெள்ளைக்காரன் ஓப்பரா மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்களோடு ஆடிய கூத்து வாத்தியார் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. கத்தல் என்பதெல்லாம் விமர்சனமா? அவருக்குப் பதில் எழுதலாமா?

மு.

அன்புள்ள மு.,

முதலில் வாத்தியாரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

விமர்சகர் கிண்டலுக்குச் சொன்ன ஒப்பீடு அவரையும் மீறிச் சரியாக விழுந்துவிட்டது. ஓப்பரா என்பது பாட்டாலேயே கதை நடத்தும் ஐரோப்பிய இசை நாடகம். அதில் பாடகர் மைக் இல்லாமல், ஒரு முழு வாத்தியக் குழுவைத் தாண்டிப் பின்வரிசைக்குக் கேட்கப் பாட வேண்டும். வெறும் பலத்தால் நடக்காது. குழுவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம் கனமாக இருக்கும், அதிர்வு கூடக் கூட மெலியும். பழகிய தொண்டையில் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மை ஏறும் (ஆண் குரல்களில் இது நன்றாகத் தெரியும்). சந்தைக் கூட்டத்தில் சந்து பார்த்து நுழைகிறவன் மாதிரி குரல் அந்த வழியாக வெளியே வந்துவிடும்.

கூத்துக் குரலும் வெட்டவெளிக்குப் பழகியதுதான். பென்னாகரம் பக்கம் ஒரு பாரதக் கூத்தில் அர்ஜுனன் தபசு பார்த்தேன். அர்ஜுனன் தவம் செய்ய ஏறும் உயரமான கம்பம்தான் தபசு மரம். அதில் ஏறிவிட்டால் ஆடுகிறவருக்கு மைக் எட்டாது. படிக்கு ஒரு பாட்டு. கீழே பிள்ளை வரம் கேட்டு ஈரச்சேலையோடு பெண்கள், மேலேயிருந்து விழும் எலுமிச்சம்பழம், விபூதி. பாட்டு, சொல் பிசகாமல் டீக்கடை வரைக்கும் வந்தது. பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி, "போன வருசம் ஏறினவனுக்கு ரெண்டாம் படியிலயே மூச்சு வாங்கிருச்சு" என்றார். நான் படித்த இசை விமர்சனங்களில் பாதி இந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

ஆனால் உங்கள் விமர்சகரின் காதும் பொய் சொல்லவில்லை. அந்தத் தொண்டையைக் கொண்டுபோய் மண்டபத்தில், அதுவும் மைக்குக்குக் கீழே நிறுத்தினால் கத்தலாகத்தான் கேட்கும். அது வாத்தியாரின் தப்பு இல்லை, உங்களுடையது. கதை புதிது, உடை புதிது, சரி. குரலை என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லையே! ஏன் கத்தலாகக் கேட்கிறது என்று விமர்சகரும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பதில் எழுத வேண்டாம். 1853 மார்ச்சில் வெனிஸில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'லா திராவியாட்டா' என்ற ஓப்பரா முதல்முறை மேடையேறித் தோற்றது. தப்பு தன்னுடையதா பாடகர்களுடையதா, காலம் சொல்லட்டும் என்று சுருக்கமாக எழுதிவிட்டு வெர்டி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சில இடங்களைத் திருத்தி, வேறு பாடகர்களை வைத்து, 1854 மே மாதம் அதே ஊரில் இன்னொரு அரங்கில் போட்டபோது ஜனங்கள் கொண்டாடினார்கள்.

நீங்களும் மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு ஊர்த் திடலில் ஒருமுறை போடுங்கள். தேதி சொன்னால் நானும் வருகிறேன். அந்த விமர்சகரையும் கூப்பிடுங்கள், கடைசி வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வையுங்கள்.