டெஸ்ட் நார்மல்னா நஷ்டஈடு கிடையாதா?

திருநெல்வேலி பேட்டையில இருந்து எழுதின அண்ணாச்சிக்கு வணக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்துல விரிசல் விட்ட ஒரு பழைய கடையை 2024 பிப்ரவரியில இடிக்கப் போனீங்க, சுவர் மொத்தமா சரிஞ்சு காரைத் தூசிக்குள்ள மாட்டிக்கிட்டீங்க, அன்னையில இருந்து இருமல், இப்ப மாடிப்படி ஏறினாலே இளைப்பு, காண்ட்ராக்டர் என்னன்னா "ஊதிப் பாத்த டெஸ்டே நார்மல், பத்தாயிரம் வாங்கிட்டு கையெழுத்தும் போட்டாச்சு"ன்னு விரட்டுதாரு.

அந்தக் கையெழுத்தைப் பத்தி கவலையே படாதீங்க. 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 17வது பிரிவுப்படி, நஷ்டஈட்டை விட்டுக்கொடுத்தேன்னு எழுதி வாங்குற பேப்பர் செல்லாது. (2025 நவம்பர்ல புது சட்டத்தொகுப்பு வந்துட்டு, ஆனா உங்க விபத்து அதுக்கு முந்தினது, அதனால பழைய சட்டம்தான்.)

டெஸ்ட் கதை வேற. 2 மில்லிமீட்டருக்கும் கம்மியான சின்ன மூச்சுக்குழாய்ல கோளாறுன்னா நீங்க ஊதிப் பாத்த அந்த டெஸ்ட், அதாவது ஸ்பைரோமெட்ரி, பல நேரம் நார்மல்னுதான் வரும். 2001ல நியூயார்க் இரட்டைக் கோபுரத் தூசியைச் சுவாசிச்சவங்க பலருக்கும் இதே பாடுதான், சாதாரணமா மூச்சு விடச் சொல்லி எடுக்குற ஆஸிலோமெட்ரியிலதான் பிடிபட்டுச்சு. அங்க அவங்களுக்குன்னு தனிச் சட்டமே போட்டாங்க, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி நெஞ்சு டாக்டர்ட்ட இந்த ஆஸிலோமெட்ரி டெஸ்ட், இல்லன்னா மூச்சை வெளிய விட்ட நிலையில எடுக்குற சிடி ஸ்கேன் பத்தி கேளுங்க. சர்டிபிகேட்ல இளைப்புன்னு மட்டும் போதாது, சம்பாதிக்குற திறன் எத்தனை சதவீதம் போச்சுன்னு எழுதணும், பணத்தை அதை வச்சுத்தான் கணக்குப் போடுவாங்க.

இப்ப முக்கியமான இடம். அந்தச் சட்டத்தோட தொழில் நோய் அட்டவணையில சிலிகோசிஸ் (கல் தூசியால வர்ற நுரையீரல் நோய்) மாதிரி பேரெல்லாம் இருக்கு, சின்ன மூச்சுக்குழாய் கோளாறுன்னு உங்க நோய் பேரு இல்ல. அதனால மனுவுல "தூசியால நோய்"னு பொத்தாம்பொதுவா எழுதினா எதிர்த்தரப்பு வக்கீல் அங்ஙனயே மடக்கிருவாரு. விபத்துக்கு அந்த அட்டவணை தேவையில்ல, அதனால விபத்துன்னு எழுதுங்க, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பக்கத்துச் சுவர், யார் தூக்கி வெளிய கொண்டாந்தது, எந்த கிளினிக்ல நெபுலைசர் வச்சாங்க, கூட நின்ன கொத்தனார் பேரு, எல்லாம்.

விபத்து நடந்து 2 வருஷத்துக்குள்ள மனு போடணும். தாண்டியிருந்தாலும் 10வது பிரிவுல போதுமான காரணம் காட்டினா மனுவை விசாரிக்குற இழப்பீட்டு ஆணையர் ஏத்துக்கலாம். அந்த நார்மல் ரிப்போர்ட்டே உங்களுக்குக் காரணம், நோய் பிடிபடாமதான அலைஞ்சீங்க! தாமதிச்ச பணத்துக்கு 12 சதவீத வட்டியும் கேளுங்க.

கடைக்காரர் மேலயும் போடலாமான்னு கேட்டிருக்கீங்க. தன் தொழில் வேலையைக் காண்ட்ராக்ட் விட்டவரையும் பொறுப்பாக்குறது 12வது பிரிவு, ஆனா இடிக்குறது அவரு தொழில் இல்ல, அது அவர்ட்ட லேசுல போகாது. காண்ட்ராக்டரையே பிடிங்க.