கர்நாடக லைசென்ஸும் கே.ஏ. பதிவு காரும்: கோவைக்குக் குடிபெயர்ந்தவர் செய்ய வேண்டியவை

கேள்வி: பெங்களூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு குடும்பத்துடன் கோயம்புத்தூரில் நிரந்தரமாகக் குடியேறியிருக்கிறேன். என் ஓட்டுநர் உரிமம் 2012இல் கர்நாடகத்தில் எடுத்தது. 2019இல் வாங்கிய காரின் பதிவு எண் கே.ஏ. 53 என்று தொடங்குகிறது. காருக்கு வாங்கிய கடனை அடைத்துவிட்டேன், ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இன்னும் நீங்கவில்லை. உரிமத்தைத் தமிழ்நாட்டுக்கு மாற்றியே ஆக வேண்டுமா? காருக்கு இங்கே மறுபடியும் வரி கட்ட வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அங்கே கட்டிய வரி என்ன ஆகும்? எதை முதலில் செய்வது?

பதில்: உரிமம், பதிவு ஆகிய இரண்டும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருபவை, இரண்டுமே இந்தியா முழுவதும் செல்லும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உரிமத்துக்கு 13ஆம் பிரிவும் பதிவுக்கு 46ஆம் பிரிவும் அதற்கு ஆதாரம். இருந்தும் மாநிலம் மாறும்போது உரிமம் சிறிய வேலையாகவும் கார் பெரிய வேலையாகவும் ஆகிவிடுவதற்குக் காரணம் வரிதான். வாகனங்களின் மீது வரி விதிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மாநிலப் பட்டியலில், 57ஆவது இனமாக வைத்திருக்கிறது. உரிமத்துக்கு மாநில வரி எதுவும் கிடையாது. காருக்கோ நீங்கள் கர்நாடகத்துக்கு ஆயுட்கால வரி கட்டியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தமிழ்நாட்டுக் கருவூலத்துக்கு வந்திருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் ஒவ்வொரு படியும் ஏன் இருக்கிறது என்பது எளிதில் விளங்கும்.

உரிமத்தை முதலில் முடித்துவிடுவோம். காலாவதி ஆகாத கர்நாடக உரிமத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் நீங்கள் தாராளமாக ஓட்டலாம். அது வேறு மாநிலத்தில் வழங்கப்பட்டது என்ற காரணத்துக்காக மட்டும் யாரும் அபராதம் விதிக்க முடியாது. இங்கே புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து இரண்டாவது உரிமம் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒருவர் ஒரே நேரத்தில் ஓர் ஓட்டுநர் உரிமம்தான் வைத்திருக்கலாம் என்று 6ஆம் பிரிவு திட்டவட்டமாகச் சொல்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது முகவரி மாற்றம் மட்டுமே. ஆதாரில் கோவை முகவரியை ஏற்றிய பிறகு, பரிவாகன் இணையதளத்தின் சாரதி பகுதியில் விண்ணப்பித்தால், உரிம எண் கர்நாடக எண்ணாகவே இருக்க, முகவரி மட்டும் மாறிய அட்டை கிடைக்கும். பழைய புத்தக வடிவ உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை உண்டு: அவர்களுடைய விவரம் கணினியில் இல்லாவிட்டால், உரிமம் வழங்கிய அலுவலகமே அதைப் பதிவேற்றித் தர வேண்டும்.

உரிமத்தில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது முகவரியைவிட அதன் காலாவதித் தேதி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு, காலாவதி ஆன பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது. இப்போது அது இல்லை. தேதி முடிந்த மறுநாளே உங்கள் கையில் இருப்பது செல்லாத உரிமம்; அதோடு ஓட்டினால் 181ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம் வரும். அதைவிட முக்கியமாக, அந்த நிலையில் விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கு இழப்பீட்டை மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும். காலாவதிக்கு ஓராண்டு முன்னிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். காலாவதி ஆகி ஓராண்டு கடந்துவிட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் புதுப்பிக்கும்போது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றையும் இணைக்க வேண்டும்.

இனி காருக்கு வருவோம். சட்டத்தின் 47ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தில் பதிவான வாகனத்தை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் பதிவு எண்ணைப் பெற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது. இதைப் படிக்கும் பலர் ‘ஓராண்டு வரை கவலை இல்லை’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதி உண்மைதான். அந்தப் பன்னிரண்டு மாதம் பதிவு எண்ணைப் பற்றிய கெடு. வரி எப்போது எழுகிறது என்பதை மாநிலத்தின் வரிச் சட்டம் தனியாகத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் அது 1974ஆம் ஆண்டின் மோட்டார் வாகன வரிச் சட்டம். இதோடு, குடியிருப்பு மாறினால் முப்பது நாளுக்குள் புதிய பகுதியின் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 49ஆம் பிரிவும் சொல்கிறது. ஆகவே சில மாதங்கள் மட்டும் தங்க வருபவருக்கும் நிரந்தரமாகக் குடியேறிய உங்களுக்கும் ஒரே அறிவுரையைத் தர மாட்டேன். வேலை நிமித்தம் ஆறேழு மாதம் வந்து போகிறவர் எண்ணை மாற்றத் தேவையில்லை. கார் எப்போது மாநிலத்துக்குள் வந்தது என்பதைக் காட்டும் ஃபாஸ்டேக் சுங்கக் கட்டண விவரம், வீட்டுச் சாமான் ஏற்றி வந்த லாரியின் ரசீது, வாடகை ஒப்பந்தம் போன்றவற்றைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். நீங்களோ இங்கேயே இருக்கப்போகிறீர்கள். கெடு முடியும்வரை காத்திருப்பதால் உங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை, உடனே தொடங்குங்கள்.

தொடங்க வேண்டிய இடம் கோவை அல்ல, உங்கள் காரைப் பதிவு செய்த கே.ஆர். புரம் அலுவலகம். முதல் வேலை, ஆர்.சி.யில் இருக்கும் வங்கியின் பெயரை நீக்குவது. கடன் அடைந்ததும் வங்கியே அதை நீக்கிவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வங்கி தருவது கடன் தீர்ந்ததற்கான கடிதமும் கையெழுத்திட்ட படிவம் 35உம் மட்டுமே. அவற்றைக் கொடுத்துப் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கேட்பது உரிமையாளரின் பொறுப்பு. இதை முடிக்காமல், காரை வேறு மாநிலத்தில் பதிய அந்த அலுவலகம் தர வேண்டிய தடையில்லாச் சான்றை (என்.ஓ.சி.) கேட்டால், கடனே இல்லாத காருக்கும் வங்கியின் சம்மதத்தைக் கேட்பார்கள். கடன் இன்னும் மீதமிருக்கும் மற்ற வாசகர்கள் அந்தச் சம்மதத்தை வங்கியிடமிருந்து எழுத்தில் வாங்கியே ஆக வேண்டும்.

அடுத்து, நிலுவையில் இ-செலான் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக் கட்டிவிடுங்கள். பெங்களூரின் சாலைக் கேமராக்கள் பதிவு செய்த அபராதங்கள் உரிமையாளருக்குத் தெரியாமலேயே சேர்ந்திருப்பது வழக்கம். தடையில்லாச் சான்று பெரும்பாலும் அங்கேதான் நின்றுபோகிறது. பரிவாகனின் வாகனப் பதிவுப் பகுதியான வாகன் தளத்தில் காருடன் இணைந்துள்ள கைப்பேசி எண் இன்னும் உங்கள் வசம் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓ.டி.பி. எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். பழைய நிறுவனம் கொடுத்த சிம் என்றால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே எண்ணை மாற்றிவிட வேண்டும்.

இவை முடிந்த பிறகு படிவம் 28இல் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். கார் எந்த அலுவலகத்தின் எல்லைக்குப் போகிறது என்பதை அதில் குறிப்பிட வேண்டும். கோவையில் தெற்கு, வடக்கு, மத்தி என்று பல அலுவலகங்கள் இருப்பதால், உங்கள் வீட்டு முகவரி எதன் கீழ் வருகிறது என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். தவறான அலுவலகத்தின் பெயரில் சான்று வந்தால் அதைத் திருத்த மறுபடியும் பெங்களூருக்கு அலைய நேரும். படிவத்தில் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பதிவையும் ஒட்ட வேண்டும். கார் திருட்டு வழக்கு எதிலும் சம்பந்தப்படவில்லை என்ற காவல்துறை அறிக்கையையும் வரி பாக்கி இல்லை என்பதையும் பார்த்த பிறகே சான்று தருவார்கள். முப்பது நாளுக்குள் மறுப்பு எதுவும் தெரிவிக்கப்படாவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருத வேண்டும் என்று 48ஆம் பிரிவு சொல்கிறது. ஆயினும் சான்று வாகன் தளத்தில் ஏறியிருந்தால்தான் கோவை அலுவலகத்தில் வேலை தடையின்றி நகரும். அதனால் விண்ணப்பித்த ரசீதை வைத்துக்கொண்டு விடாமல் கேட்பதே நல்லது.

கோவையில் படிவம் 27இல் புதிய எண்ணுக்கு விண்ணப்பித்து, தடையில்லாச் சான்று, அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றைக் கொடுத்து, மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காரைக் காட்ட வேண்டும். மத்திய விதிகளின்படி காருக்கு இதற்கான கட்டணம் 600 ரூபாய். ஆயுட்கால வரிதான் பெரிய தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதிய கார்களுக்கு விலைக்கு ஏற்ப 12, 13, 18, 20 விழுக்காடு என்று நான்கு அடுக்குகளில் வரி விதிக்கப்படுகிறது. வெளிமாநிலத்திலிருந்து வரும் பழைய காருக்கு அதன் வயது கூடக்கூட வரி குறையும். அலுவலகத்தில் தொகையைக் கணக்கிட, கார் வாங்கியபோது தந்த விலைப்பட்டியலைக் கேட்பார்கள்; அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண் வந்தாலும் பதிவின் ஆயுள் 2019இலிருந்தே தொடரும். பதினைந்து ஆண்டு புதிதாகத் தொடங்கிவிடாது.

கர்நாடகத்துக்குக் கட்டிய வரி முழுவதும் போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். கார் அந்த மாநிலத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறி வேறு மாநிலத்தில் பதிவாகிவிட்டால், காரின் வயதைப் பொறுத்து ஒரு பகுதியைத் திருப்பித் தர அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவு முடிந்த பிறகு, புதிய ஆர்.சி., இங்கே வரி கட்டிய ரசீது, அங்கே முன்பு வரி கட்டிய ரசீது, தடையில்லாச் சான்றின் நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றுடன் கே.ஆர். புரம் அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். இது தானாக வராது, கேட்பவருக்கே கிடைக்கும். அலைச்சலுக்கு அஞ்சிப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆறேழு வயதான காருக்குக்கூட அந்தத் தொகை அலைச்சலுக்குத் தகுந்ததாக இருக்கும் என்பதால், நீங்கள் கட்டாயம் கேளுங்கள். பழைய ஆர்.சி.யை ஒப்படைக்கும் முன் அதன் இரு பக்கங்களையும் நகல் எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பி.எச். (பாரத்) வரிசைப் பதிவு எண், மாநிலம் மாறினாலும் மாற்றத் தேவையில்லாதது. அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் அதைப் பெறலாம். ஏற்கெனவே பதிவான காரையும் அந்த வரிசைக்கு மாற்ற 2022 டிசம்பர் திருத்தம் இடம் தருகிறது. வரியை இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டு போகலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலையில் இருப்பவருக்கு இது மிகவும் பொருத்தமானது. நிரந்தரமாகத் தங்க முடிவெடுத்துவிட்ட உங்களுக்குத் தமிழ்நாட்டு எண்ணே மேல் என்பது என் கருத்து; பின்னாளில் காரை விற்கும்போது வாங்குபவர் யாராக இருந்தாலும் சிக்கல் வராது.

புதிய எண் கிடைத்தவுடன் இன்னும் சில வேலைகள் மீதி இருக்கும். உயர் பாதுகாப்பு எண் பலகையைப் புதிய எண்ணுக்கு மறுபடியும் வாங்கிப் பொருத்த வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எண்ணையும் முகவரியையும் தெரிவித்துப் பாலிசியில் திருத்தம் பெறாமல் காரைச் சாலையில் எடுக்காதீர்கள். காப்பீட்டுப் பிரீமியக் கணக்கில் பெங்களூர் ஏ மண்டலத்திலும் கோவை பி மண்டலத்திலும் இருப்பதால், அடுத்த புதுப்பிப்பில் காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் சற்றுக் குறையவும் வாய்ப்புண்டு. இதுவரை சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் எண் மாறுவதால் போய்விடாது. ஃபாஸ்டேக்கும் பழைய எண்ணோடுதான் இணைந்திருக்கும். அதை வழங்கிய வங்கியிடம் புதிய ஆர்.சி.யைக் கொடுத்து எண்ணை மாற்றிய பிறகே சுங்கச்சாவடியைக் கடக்கும் பயணத்துக்குக் கிளம்புங்கள். புகைச் சான்றையும் புதிய எண்ணில் எடுத்துக்கொள்ளுங்கள், பி.எஸ். 4, பி.எஸ். 6 தரத்துக் கார்களுக்கு அது ஓராண்டு செல்லும்.