‘தி ட்ரிப்’: இரு நண்பர்களின் மேசைப் பேச்சு எழுதி வைத்ததா? படமாகப் பார்ப்பதா, தொடராகவா?

‘தி ட்ரிப்’ ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர், அதிலிருந்து படமும் வந்தது. கதைக்கோடு முன்பே தீர்மானித்தது. சாப்பாட்டு மேசைப் பேச்சில் பெரும்பகுதி அங்கேயே உருவானது. மைக்கேல் வின்டர்பாட்டம் இயக்கத்தில் நகைச்சுவை நடிகர்கள் ஸ்டீவ் கூகனும் ராப் பிரைடனும் சொந்தப் பெயரிலேயே வருகிறார்கள், குணங்கள் மட்டும் மிகைப்படுத்தப்பட்டவை. ‘அப்சர்வர்’ பத்திரிகைக்காக வட இங்கிலாந்து உணவகங்களைச் சுவைத்து எழுதக் கூகன் கிளம்புகிறார். காதலி வர முடியாததால் பிரைடன் துணைக்குப் போகிறார். உணவகங்கள் உண்மையானவை, கார்ட்மெல் ஊரின் ‘லாங்க்ளூம்’ போல.

பிரிட்டிஷ் நடிகர் மைக்கேல் கெய்னின் குரலை இருவரும் பேசிக் காட்டும் காட்சியைக் கவனியுங்கள். வயது ஏற ஏற, சுருட்டும் பிராந்தியும் சேர்ந்து அந்தக் குரல் எப்படி இறங்கியது என்று பிரைடன் படிப்படியாகப் பேசிக் காட்டுவார். கூகன் அதை ஏற்காமல் தன் பாணியில் திருத்துவார். சிரிப்பு மிமிக்ரியில் மட்டும் இல்லை. இரு கலைஞர்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத பிடிவாதத்தில்தான் இருக்கிறது.

தொடரையே முதலில் பாருங்கள். 2010இல் பிபிசி டூவில் வந்தது, அரைமணி நேரப் பகுதிகள் 6, பகுதிக்கு ஓர் உணவகம். படம் அதிலிருந்தே வெட்டித் தொகுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கியதால் பல உரையாடல்கள் போய்விட்டன. பேச்சு மெல்லச் சூடேறுவதுதான் இதன் உயிர், வெட்டும்போது அதுதான் முதலில் அடிபடுகிறது. பிறகு இருவரின் அடுத்த பயணத் தொடர்களை இத்தாலி (2014), ஸ்பெயின் (2017), கிரீஸ் (2020) என்ற வரிசையில் தொடரலாம்.