மரத்துக்கு டேப் பிடிக்கிற வேலை: கேள்வி பதில்

சொந்த ஊர் கடலூர், வேலை புதுச்சேரியில். காடுகள் எவ்வளவு கார்பனைப் பிடித்து வைக்கின்றன என்பது என் ஆராய்ச்சி. வந்த கேள்விகளில் சில.

அக்கா, பிளஸ் டூ பயாலஜி குரூப். இந்த வேலைக்கு என்ன படிக்கணும்? (பண்ருட்டி மாணவி)

தாவரவியல், இயற்பியல், எதிலிருந்தும் வரலாம்மா. வனவியலே வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. முதுகலைக்குக் காலாப்பட்டிலேயே புதுவைப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் துறை இருக்கிறது. புள்ளியியலை மட்டும் விட்டுவிடாதே. நான் விட்டேன், பிஎச்.டி.யில் முதல் வருஷம் முழுக்க அதோடுதான் மல்லுக்கட்டினேன்.

மரத்தை வெட்டி எடை போடுவீங்களா மேடம்? (முதுநகர்)

ஐயையோ, இல்லை. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றுவோம். சுற்றளவு, உயரம், கட்டையின் அடர்த்தி மூன்றையும் சமன்பாட்டில் போட்டால் உலர்ந்த எடை கிடைக்கும். அதில் ஏறக்குறைய பாதி கார்பன்.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இந்தக் கணக்கு இடறும். அங்கே இருக்கிற சுரபுன்னை மரத்துக்கு அந்த உயரத்தில் பல இடங்களில் அடிமரமே இருக்காது, முட்டுக் கொடுத்த வேர்கள்தான். உச்சி வேருக்கும் மேலே ஏறி அளக்கணும். பென்சிலைப் பல்லில் கடித்தபடி, தொடையளவு சேற்றில் ஒரு கையால் வேரைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அத்தனை பாடுபட்டு அளந்தாலும், அந்தக் காட்டின் கார்பனில் பெரும்பங்கு காலுக்கடியில் இருக்கிறது! சேற்றில் ஆக்சிஜன் குறைவு. விழுந்த இலையும் வேரும் சீக்கிரம் மக்காது.

தானே புயல்ல எங்க முந்திரியெல்லாம் போச்சு. அது பருவநிலை மாற்றத்தாலதானாம்மா? (விவசாயி)

2011 டிசம்பர் 30 காலையை நானும் மறக்கவில்லை ஐயா. ஆனாலும் ஒரு புயலை மட்டும் எடுத்து 'அதனால்தான்' என்று சொல்ல மாட்டேன். கடல் சூடேற ஏற, வரும் புயல்களில் பலத்தவை கூடும். அதைச் சொல்லலாம்.

சம்பளம்?

நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய். பிறகு பெரும்பாலும் திட்ட வேலை. திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேடணும். ஒருமுறை ஏழு மாதம் பணமே வரவில்லை. அம்மாவின் பென்ஷனில் சாப்பிட்டேன்.

வெளிநாடு போகாமல் முடியுமா?

தாராளமாக. முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில் 1988 முதல், 1 செ.மீ. பருமனுள்ள கன்றுக்குக்கூட நம்பர் போட்டு, திரும்பத் திரும்ப அளந்து வருகிறார்கள். அதே மரம் பிழைத்ததா, பருத்ததா, செத்ததா என்று பார்க்க உள்ளூரில் ஆள் இருந்தால்தானே ஆகும்?

ஒருநாள் உங்களோடு பிச்சாவரம் வரலாமா?

வாங்க. செருப்பு வேண்டாம், சேறு உருவிக்கொள்ளும். வெறுங்காலும் ஆகாது, வேரில் ஒட்டிய சிப்பி கிழித்துவிடும். பழைய கேன்வாஸ் ஷூவைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.