சீரியல் எண் பொருந்துகிறது, அது போதுமா? 1966 ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்க்கும் முறை

கேள்வி: ஒருவர் தன்னிடமுள்ள ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார் 1966-இல் செய்தது என்று சொல்லி விற்க வருகிறார். பின்பக்கத் தகட்டில் இருக்கும் சீரியல் எண்ணும் அந்த வருடத்துக்குப் பொருந்துகிறது. பணம் கொடுக்கும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அந்தத் தகட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். நான்கு திருகில் நிற்கிற உலோகத் துண்டு அது. ஐந்து நிமிடத்தில் கழற்றி வேறொரு கிட்டாரில் மாட்டிவிடலாம்.

நானும் ஒருமுறை எண்ணை மட்டும் பார்த்துவிட்டு முழு விலை கொடுத்தேன். வீட்டுக்கு வந்து நெக்கை, அதாவது தந்திகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியை, கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. நெக் உட்காரும் குழி முழுக்க மழமழவென்று ஒரே சீராகப் பெயின்ட். அந்தக் காலத்து ஃபெண்டரில் அப்படி இருக்காது. 1963 வாக்கிலிருந்து, பெயின்ட் அடிக்கும்போது பாடியைப் பிடித்துக்கொள்ள அந்தக் குழியில் ஒரு குச்சியைத் திருகி வைப்பார்கள். குச்சி மறைத்த இடத்தில் நிறம் படாது. கழற்றிப் பார்த்தால் குழிக்குள் நிறமில்லாத ஒரு பட்டை தெரியும். என்னுடையதில் பட்டையே இல்லை. யாரோ எப்போதோ பழைய பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறார்கள். மறுபடி பெயின்ட் அடித்த கிட்டார் அசலின் விலையில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் போகும். விற்றவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த வலியில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆகவே நெக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று முதலிலேயே கேளுங்கள். கழற்றினால் அதன் அடிப்பகுதியில் ரப்பர் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "13 மே 66 பி" என்ற அமைப்பில் ஆங்கிலத்தில் குத்தியிருக்கும். 13 என்பதை நாள் என்று பலர் படித்துவிடுகிறார்கள். அது மாடலின் குறியீடு. நடுவில் இருப்பது மாதமும் வருடமும். கடைசி எழுத்து நட்டின் (தலைப்பகுதிக்குக் கீழே தந்திகள் ஏறிச் செல்லும் சின்னக் கட்டை) அகலத்தைச் சொல்கிறது, பி என்றால் 41 மில்லிமீட்டர் சொச்சம். முத்திரை மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த இடம் மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். தலைப்பகுதியையும் பாருங்கள். 1965 தொடக்கத்தில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது, அந்த வருடக் கடைசியில் ஸ்ட்ராட்டின் ஹெட்ஸ்டாக், அதாவது அந்தத் தலைப்பகுதி, பெரிதானது. 1966 என்று சொல்லும் கிட்டாரில் பழைய சின்ன ஹெட்ஸ்டாக் இருந்தால் நெக் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அடுத்து பாடியின் முன்பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைத் தூக்கி, உள்ளே இருக்கும் பாட்களின் (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியிலுள்ள மின் பாகங்கள்) முதுகைப் படியுங்கள். 1376617 என்று இருந்தால் 137 என்பது சிடிஎஸ் என்ற தயாரிப்பாளர், 66 வருடம், 17 அந்த வருடத்தின் பதினேழாவது வாரம். இதில் ஒரு சங்கதி இருக்கிறது. 1966-இல் ஃபெண்டர் பாட்களை ஏராளமாக வாங்கிக் குவித்தது, 1969 வரை அவற்றையே போட்டுவந்தது. அதனால் 1966 பாட் இருக்கிற கிட்டார் 1968-இல் செய்ததாகவும் இருக்கலாம். பாட் எண் "இதற்கு முன் செய்திருக்க முடியாது" என்று மட்டும்தான் சொல்லும். நெக் முத்திரை, பாட் எண், ஹெட்ஸ்டாக், பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் தனியாக வேறு கதை சொன்னால் அந்த பாகம் மாறியிருக்கிறது.

பாட்களைப் பார்க்கும்போதே சால்டரையும் பாருங்கள். தொழிற்சாலையில் வைத்த ஈயம் இத்தனை வருடத்தில் சாம்பல் பூத்து மங்கியிருக்கும். ஒரு மூட்டு மட்டும் பளபளவென்று இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஒரு பாட் மாறியிருப்பது பெரிய குற்றமில்லை, பழுதானால் மாற்றத்தானே செய்வார்கள். அந்தக் காலத்து அசல் ஸ்ட்ராட்டில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை சுவிட்ச்தான் வரும், ஐந்து நிலை சுவிட்ச் 1977-இல்தான் தொழிற்சாலையில் வந்தது. பின்னாளில் மாட்டியிருந்தால் பழையது கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ஹம்பக்கர் என்ற அகலமான பிக்கப் போடுவதற்காக மரத்தையே குடைந்து குழியைப் பெரிதாக்கியிருந்தால் அது வேறு விஷயம். 1970-களில் பலர் அப்படிச் செய்தார்கள். குடைந்த மரம் திரும்ப வராது.

பெயின்ட் அசலா என்பதற்கு குழியைத் தவிர இன்னும் இரண்டு சோதனை. இருட்டறையில் புற ஊதா விளக்கடித்தால் அந்தக் காலத்துப் பூச்சான பழைய நைட்ரோ லாக்கர் மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு மங்கல் ஒளி காட்டும். புதிதாக மேலே தெளித்த இடம் கருத்துத் தெரியும். இரண்டாவது, விரிசல். மரமும் லாக்கரும் வெப்பத்துக்கு ஒரே அளவில் சுருங்கி விரிவதில்லை, அதனால் நாளடைவில் மயிரிழை போல் கோடுகள் விழுகின்றன. கிட்டாரை விளக்கின் பக்கம் சாய்த்தால்தான் தெரியும், நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். பிளேடால் கீறிச் செய்த விரிசல் எந்தக் கோணத்திலும் தெரியும், நகம் பட்டால் தட்டும். தேய்மானமும் அப்படித்தான். வாசித்தவரின் முன்கை படும் மேல்விளிம்பு, பெல்ட் பக்கிள் உரசும் முதுகு என்று காரணமுள்ள இடத்தில் இருக்கவேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் அசலா என்பதைப் பற்றி. வாசிக்க முடியுமா என்பது இதைவிட முக்கியம் என்று நான் நினைக்கிறேன், அதற்கு நெக்தான் பதில். கழற்றுவதற்கு முன்பே தந்தி ஏற்றிய நிலையில் பாடிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஃபிங்கர்போர்டின் (நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகை) இரண்டு விளிம்பையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஓடவேண்டும், ஒன்று முறுக்கிக்கொண்டு போகக் கூடாது. பிறகு தடித்த தந்தியை முதல் ஃபிரெட்டிலும் (போர்டின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃபிரெட் பக்கம் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே ஒரு தடித்த விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்லது. நிறைய இருந்தால் நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடை இறுக்கவேண்டும். இந்த மாடலில் அதன் திருகு நெக்கின் அடியில்தான் இருக்கிறது, கழற்றும்போது பார்த்துவிடலாம். அது ஏற்கெனவே முழுக்க இறுகியும் நெக் வளைந்தே இருந்தால் வாங்காதீர்கள். அதைச் சரிசெய்வது பெரிய வேலை.

ஃபிரெட் மாற்றியிருந்தால் அது குறையல்ல, வாசிக்கும் கிட்டாருக்கு அது நல்லதுகூட. ஆனால் அந்த வருட ரோஸ்வுட் போர்டு மேப்பிள் மேல் வளைத்து ஒட்டிய மெல்லிய தகடு. ஃபிரெட் மாற்றியவர் அதைத் தட்டையாக்குவதற்காக அதிகம் தேய்த்திருந்தால் ரோஸ்வுட் சில இடங்களில் தாள் போல் மெலிந்திருக்கும். போர்டின் பக்கவாட்டில் கண்ணை வைத்து, அந்தக் கருப்புக் கோடு ஓரிடத்தில் மட்டும் ஒல்லியாகிறதா என்று பாருங்கள். நான் இதில்தான் அதிக நேரம் செலவழிப்பேன்.

கடைசியாக மல்டிமீட்டர். கேபிளைச் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, பிக்கப்களை ஒவ்வொன்றாக அளந்தால் ஐந்தரையிலிருந்து ஆறேகால் கிலோஓம் வரை வரும். ஒன்று மட்டும் மிக அதிகமாகக் காட்டினால் உள்ளே சுற்று அறுந்திருக்கலாம், மறுபடி சுற்றத்தான் வேண்டும்.

நாளைக்கு கிப்ஸன் என்ற வேறொரு கம்பெனியின் கிட்டார் பார்க்கப் போனால் நட்டுக்குப் பின்னால், ஹெட்ஸ்டாக் சாயும் இடத்தை முதலில் பாருங்கள். தலை சாய்வாக இருப்பதாலும், டிரஸ் ராடுக்காக அங்கேயே மரத்தைக் குடைந்திருப்பதாலும் கீழே விழுந்தால் உடைவது அங்கேதான்.

மறுபெயின்ட் என்று தெரிந்த பிறகும் என் கிட்டாரை நான் விற்கவில்லை, நெக் அவ்வளவு நன்றாக இருக்கிறது. உங்களுக்கு வந்திருப்பதும் அப்படி இருந்தால், மறுபெயின்ட்டுக்குரிய விலை பேசி வாங்குங்கள்.

நெக்கைத் திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு திருகையும் முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய மரை கிடைத்ததும் திருகு லேசாக ஒரு படி உள்ளே இறங்கும். அதற்குப் பிறகு மட்டும் இறுக்குங்கள், இல்லாவிட்டால் அறுபது வருட மரத்தில் புது மரை வெட்டிவிடும்.